ஓரகத்தியின் ஜாடி

ஸ்தெர்பேத்தா இளைய மருமகளாக அந்தக் குடும்பத்துக்குள் வந்த முதல் வருடம், ஈஸ்டருக்கு மறுநாள், ஓஃபந்தோ ஆற்றங்கரைத் தோட்டத்தில் எல்லாரும் கூடிச் சாப்பிட்டார்கள். அன்றுதான் ரிபால்தாவின் வயிற்றில் முதல் நெருப்பு விழுந்தது. விழுந்த இடம் கூட அவளுக்கு நினைவிருந்தது. அவள் புருஷன் சவீனோ ஒரு ரொட்டித் துண்டை எடுத்து, தட்டின் அடியில் தேங்கியிருந்த எண்ணெயை ஒரு சொட்டு விடாமல் வழித்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடினான். தட்டு ரிபால்தாவுடையது அல்ல.

ரிபால்தாவின் தட்டு பக்கத்திலேயே இருந்தது. அதுவும் எண்ணெயில் ஊறிய ஆர்ட்டிசோக் மொட்டுதான். அவர்கள் ஊரான சான் ஃபெர்தினாந்தோவில் அது இல்லாமல் ஒரு விருந்து தொடங்காது. குளிர்காலம் முழுக்க லாரிகளில் ஏறிப்போகும் பெரிய மொட்டுகள் முடிந்து, சித்திரை வெயிலில் செடியின் பக்கக் கிளைகளில் கோழிமுட்டை அளவுக்குக் கடைசி மொட்டுகள் விடும்போது, ஊரில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெண்கள் கத்தியோடு உட்கார்ந்துவிடுவார்கள். முரட்டு இதழ்களை உரித்து, நுனியை வெட்டி, கறுக்காமல் இருக்க எலுமிச்சைத் தண்ணீரில் போடுவார்கள். மொட்டு கறுக்காது, விரல்கள் கறுத்துப்போகும். வைகாசி வரைக்கும் அந்தக் கறை போகாது. கறை இல்லாத கையோடு கோவிலுக்கு வந்தவளை மற்றவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அந்தத் தெருவில் ரிபால்தாவின் ஜாடிகளுக்கு என்று ஒரு மரியாதை இருந்தது. கூலிக்காரர் வீட்டில் பிறந்தவள். கல்யாணத்தின்போது அவள் கொண்டுவந்த சீர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. மாமியார் வீட்டில் அவளை முதல் வருடம் யாரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை. அவள் ஜாடிகள்தான் அவளுக்கு நாற்காலி போட்டன. வினிகரும் தண்ணீரும் சரிபாதி, ஒரு கை உப்பு, கொதியில் சில நிமிடம், பிறகு வெள்ளைத் துணியில் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு நாள் முழுக்கக் காய விடுவாள். ஈரம் துளி இருக்கக்கூடாது. பூண்டு, புதினா, மிளகு, ஒரு வற்றல் மிளகாய், மேலே புது ஆலிவ் எண்ணெய். கடித்தால் நறுக்கென்று சத்தம் கேட்கும், புளிப்பு மூக்கில் ஏறும். மாமனார் சாகும்வரைக்கும், "ரிபால்தா ஜாடி தொறந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேஜைக்கு வருவார்.

அப்படியிருக்க, சவீனோவின் தம்பி ருஜ்ஜேரோ கடற்கரை ஊரான பர்லெத்தாவிலிருந்து ஒரு மீன்காரன் மகளைக் கட்டிக்கொண்டு வந்தான். ஆர்ட்டிசோக் செடியைக் கிட்டத்தில் பார்த்திராதவள். வந்த முதல் வருடமே அவளும் ஒரு ஜாடி போட்டாள், அவள் இஷ்டப்படி. வினிகரில் பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்துக்கு வெள்ளை ஒயினை ஊற்றினாள். எலுமிச்சைத் தோலை நூல்போலச் சீவிப் போட்டாள். மிளகாயைத் தொடவே இல்லை. மொட்டு வாயில் வைத்ததும் வெண்ணெய்போல விட்டுக்கொடுத்தது.

"யாரு பண்ணது இது?" என்றான் சவீனோ, கண்ணைத் திறந்து.

"நான்தான் மச்சான். நல்லால்லையா?" என்றாள் ஸ்தெர்பேத்தா.

"நல்லால்லையாவா? ருஜ்ஜே, இவளை எங்கிருந்துடா புடிச்ச?"

மேஜை சிரித்தது. ரிபால்தாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் தட்டைப் பார்த்தாள். அதில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து வருடங்கள் ஓடின. ரிபால்தாவுக்கு இரண்டு பையன்கள் வளர்ந்தார்கள். எதிர்வீட்டில் ஸ்தெர்பேத்தாவுக்கு ரோசாரியா என்று ஒரு பெண் பிறந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் தெருவின் அகலம்தான். அந்த அகலத்துக்குள் ரிபால்தா ஒரு உத்தியோகமே பார்த்தாள். எதிர்வீட்டுச் சமையலறையிலிருந்து என்ன வாசனை வருகிறது, யார் கிண்ணத்தை மூடிக்கொண்டு வெளியே வருகிறார்கள், கோவில் சாமியார் வீட்டு வேலைக்காரி எந்தக் கதவைத் தட்டுகிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். சாமியார் வீட்டுக்குப் போகும் ஜாடி முன்பு இவள் வீட்டிலிருந்து போனது. இப்போது எதிர்வீட்டிலிருந்து போனது. அது அவளுக்குக் கண்ணில் விழுந்த மிளகாய் விதைபோல உறுத்தியது.

பக்கத்து வீட்டு ஆர்காஞ்செலா, இவள் மூத்த பையனுக்கு ஞானத்தாய், ஆறுதல் சொல்ல வருவாள். அந்த உறவை வைத்து இவளைக் கொமாரே என்றுதான் கூப்பிடுவாள். அவள் ஆறுதல் எப்போதும் எண்ணெய் ஊற்றுவதாகவே முடியும்.

"விடு கொமாரே. அவ பண்றதும் மொட்டுதான், நீ பண்றதும் மொட்டுதான்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதான் சொல்றேன், ஒண்ணும் சொல்லாத. ஆனா மெய்யாவே அது வாயில கரையுது கொமாரே. அது எப்படித்தான் பண்றாளோ."

ரிபால்தா அதையும் கண்டுபிடிக்கப் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்தெர்பேத்தா வீட்டார் கோவிலுக்குப் போயிருந்தபோது, காய்ச்சல் என்று சொல்லிக் கோவிலுக்குப் போகாத ரிபால்தா, உப்புக் கேட்கப் போகிறவள்போல உள்ளே போய், அலமாரியில் இருந்த ஜாடியிலிருந்து ஒன்றை எடுத்து நின்றபடியே தின்றாள். இன்னொன்றையும் தின்றாள். நன்றாக இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை. மோசமாக இருந்திருந்தால் மன்னித்திருப்பாள்.

அந்த வருடம் தானும் ஒயின் ஊற்றிச் செய்து பார்த்தாள். சவீனோ தின்றுவிட்டு, "அவளோடது மாதிரியே பண்ணப் பாத்திருக்க போல" என்றான். அவன் கெட்டவன் இல்லை. நாக்கில் வந்ததைச் சொல்லிவிடுகிற ஆள், அவ்வளவுதான். மறு வருடத்திலிருந்து அவள் பழையபடி வினிகருக்கே திரும்பினாள். ஜாடியில் தோற்றால் சமையலில் ஜெயிக்கலாம் என்று வேறு வழி பிடித்தாள். எண்ணெயில் ஊறிய மொட்டுகளைப் பொடியாக நறுக்கி, சூரை மீனும் அவித்த முட்டையும் சேர்த்துப் பிசைந்து, வயலுக்குப் போகிறவனுக்கு ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தாள். கோடையில் சோற்றை ஆறவைத்து, ஆலிவ்காயோடும் தக்காளியோடும் கலந்தாள். ஜாடியில் மிஞ்சிய எண்ணெயை வீணாக்காமல் வெந்த பாஸ்தாவில் ஊற்றி, மேலே ஆட்டுப்பால் சீஸைத் துருவினாள். உருளைக்கிழங்கோடு அடுக்கி அடுப்பில் சுட்டாள். அவள் கைப்பக்குவத்துக்குக் குறை சொல்ல முடியாது. வீடே மணக்கும். சவீனோ தட்டைத் துடைத்துவிட்டு நிமிர்வான்.

"இதுல கொஞ்சம் எலுமிச்சைத் தோல் போட்டா இன்னும் தூக்கலா இருக்கும்."

"எலுமிச்சைத் தோலா? இத்தனை வருஷத்துல உனக்கு எலுமிச்சைத் தோலே ஞாபகம் வந்ததில்லையே சவீனோ."

"சும்மா சொன்னேன்."

"சும்மா வராது அது."

பிறகு சவீனோவுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. பக்கத்து நகரமான செரிஞோலாவில் டாக்டர் அழுத்திப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்து, ஈரலில் கொழுப்பு ஏறியிருக்கிறது, ரத்த அழுத்தமும் கூடுதல் என்றார். ஒயினை நிறுத்தச் சொன்னார். பொரித்ததை நிறுத்தச் சொன்னார். ரிபால்தா மெல்லக் கேட்டாள்.

"எண்ணெயில போட்ட ஆர்ட்டிசோக், டாக்டர்?"

"ஆர்ட்டிசோக் நல்லதும்மா. நார்ச்சத்து இருக்கு, வயித்தை இளக்கும், ஈரலுக்கும் நல்லதுன்னு பெரியவங்க சொல்றதுல தப்பில்லை. ஆனா சும்மா வேகவெச்சுக் குடுங்க. ஜாடியில இருக்கறதுல மொட்டை விட உப்பும் எண்ணெயும்தான் ஜாஸ்தி உள்ள போகுது. ஆசைக்கு ஒண்ணு ரெண்டு, வடிகட்டி, அதுவும் எப்பவாவது. அவரு ரொட்டியால வழிப்பாரா?"

"வழிப்பாரு."

"அது கூடவே கூடாது."

பேருந்தில் திரும்பி வரும்போது சவீனோ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான். ரிபால்தா வருத்தப்பட்டாள்தான். புருஷனின் உடம்பு. ஆனால் அந்த வருத்தத்துக்கு அடியில், பாலில் ஆடை கட்டுவதுபோல, மெல்லிய ஒரு சந்தோஷம் படர்ந்தது. இனி யார் ஜாடியும் வேண்டாம். இனி அவனுக்கு வேகவைத்த மொட்டு, அதை வேகவைப்பவள் அவள்.

அப்படியே செய்தாள். உப்பில்லாமல் வேகவைத்த மொட்டு, மேலே ஒரே ஒரு கரண்டி எண்ணெய். வெந்த தண்ணீரைக் கூடக் கொட்டாமல், கசக்கும் அந்தப் பச்சைத் தண்ணீரை ஒரு டம்ளர் காலையில் வைத்தாள். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தான். குடித்த பிறகு சாதாரணத் தண்ணீர் இனிக்கிறது என்று ஒப்புக்கொண்டான். ஒரு மாதம் வீட்டில் சமாதானமாக இருந்தது.

ஒரு மத்தியானம் ருஜ்ஜேரோவிடம் கலப்பை ஆணி ஒன்று கேட்டு வாங்கிவர ரிபால்தா எதிர்வீட்டுக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. சமையலறை மேஜையில் சவீனோ உட்கார்ந்திருந்தான். முன்னால் தட்டு. கையில் ரொட்டி. ஸ்தெர்பேத்தா அடுப்புப் பக்கம் திரும்பி நின்று ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் தட்டின் அடியை வழித்துக்கொண்டிருந்தான்.

வேறு எந்தப் பெண்ணும் வேறு எந்தக் கோலத்தில் தன் புருஷனைப் பார்த்திருந்தாலும் இப்படிக் குறுகிப்போயிருக்க மாட்டாள். ரிபால்தா வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"ஆக, இங்கதான் வர்றியா" என்றாள்.

சவீனோ வாயில் இருந்ததை விழுங்க முடியாமல் பார்த்தான். ஸ்தெர்பேத்தா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ரிபால்தா, பசின்னாரு. ரெண்டே ரெண்டுதான் வெச்சேன். அதுவும் இந்த வருஷம் வினிகர் ரொம்பக் கொறைச்சுத்தான் போட்டிருக்கேன். புளிப்பு வயித்தை எரிக்குதுன்னாரு, அதுக்காகவே."

"அவருக்காகவா?"

"ஆமா. அவரு உடம்புக்காக."

"என் புருஷன் வயித்துக்கு நீ வினிகர் அளக்கறியா?"

"கத்தாத ரிபால்தா, தெருவுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். அவனுக்கு வேணுங்கறதை நான் கசப்புத் தண்ணியா காய்ச்சிக் குடுக்கறேன், நீ வெண்ணெய் மாதிரி ஊட்டிவிடு. கடைசியில நான் ராட்சசி, நீ தேவதை. நல்லா இருக்குடி."

சவீனோ எழுந்தான். "வா, வீட்டுக்குப் போலாம்" என்றான். அவன் உதட்டோரத்தில் எண்ணெய் மினுங்கியது. வீடு வரைக்கும் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அளவோடு நின்றது. நல்லது கெட்டதுக்கு மட்டும் போக வர இருந்தார்கள். அந்த வைகாசி முழுக்க வெயில் கொளுத்தியது. மாதக் கடைசியில் ரோசாரியாவின் புதுநன்மை வந்தது, பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். சொந்தக்காரர்களில் யாரும் வராமல் இருக்க முடியாத விசேஷம். ரிபால்தாவும் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு வந்தாள். கோவிலில் ரோசாரியா வெள்ளை உடையில், தலையில் பூ முடி வைத்து, மெழுகுவத்தியோடு நடந்து வந்தபோது, அழகாக இருக்கிறாள் என்று அவளுக்கு மனதாரத் தோன்றியது. அந்த உடையை ஸ்தெர்பேத்தா தன் கையால் தைத்தாள் என்று யாரோ சொன்னதும் அந்த நினைப்பு பாதியில் அறுந்தது.

விருந்து ருஜ்ஜேரோ வீட்டு முற்றத்தில், நீள மேஜைகளைச் சேர்த்துப் போட்டு. ரிபால்தா உதவி செய்யச் சமையலறைக்குள் போனாள். ஓரகத்தி வேலை செய்ய, தான் உட்கார்ந்திருந்தால் ஊர் பேசும். ஸ்தெர்பேத்தா சமையல் மேடைமேல் வரிசையாக வைத்திருந்த ஜாடிகளில் ஒன்றை எடுத்துத் திறந்தாள்.

மூடி திறக்கும்போது சீறியது.

ரிபால்தா திரும்பிப் பார்த்தாள். எண்ணெய்க்குள் அடியிலிருந்து ஊசிமுனைபோலக் குமிழிகள் ஏறிவந்தன. எண்ணெய் தெளிவாக இல்லை, கழனித் தண்ணீர்போல மங்கியிருந்தது. மற்ற ஜாடிகளின் மூடிகளைப் பார்த்தாள். இரண்டு மூன்றில் நடுப்பகுதி உப்பியிருந்தது. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது பின்தெருவில் ஒரு குடும்பம் இப்படி ஒரு ஜாடியைத் தின்றது. முதலில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றார்கள். பிறகு விழுங்க முடியவில்லை. பிறகு மூச்சு. அந்த வீட்டுக் கதவு நெடுநாள் சாத்திக் கிடந்தது. வினிகரைக் குறைக்காதே என்று அந்தக் காலத்துப் பெண்கள் அன்றிலிருந்து செபம்போலச் சொல்லிக்கொண்டார்கள்.

ஆனால் அதற்கும் முன்னால், அந்த நினைவு வருவதற்கு ஒரு நொடி முன்னால், அவளுக்குள் துள்ளியது வேறு ஒன்று. கெட்டுப்போச்சு. அவள் ஜாடி கெட்டுப்போச்சு. அந்தச் சந்தோஷம் அவளுக்கே தெளிவாகத் தெரிந்தது. அவள் அதைப் பிற்பாடு தனக்குத் தானே மறைத்துக்கொண்டதும் இல்லை.

"ஸ்தெர்பேத்தா, அதை வைக்காத. மூடி உப்பியிருக்கு பாரு. உள்ள நொதிக்குது."

ஸ்தெர்பேத்தா மொட்டுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இன்னிக்குமா ரிபால்தா? என் பொண்ணோட புதுநன்மை அன்னிக்குமா?"

"நான் அதுக்குச் சொல்லலைடி. முகர்ந்து பாரு."

ஸ்தெர்பேத்தா முகர்ந்து பார்த்தாள். "புதினா வாசனைதான் வருது" என்றாள். அவளுக்கு அது மட்டும்தான் வந்திருக்கும். தட்டைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள்.

ரிபால்தா பின்னாலேயே ஓடினாள். "யாரும் அதைத் தொடாதீங்க" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கீச்சென்று வந்தது. மேஜையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ருஜ்ஜேரோ சிரித்தான்.

"வந்துட்டாய்யா, ஆர்ட்டிசோக் இன்ஸ்பெக்டர்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆர்காஞ்செலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இத்தனை வருடமாக ரிபால்தா யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் பொத்திவைத்திருந்ததாக நினைத்த பொறாமை, மேஜையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது என்று அந்தச் சிரிப்பிலிருந்து அவள் புரிந்துகொண்டாள். அவள் என்ன சொன்னாலும் இனி அதன் குரலாகத்தான் கேட்கும்.

தட்டு சவீனோவின் முன்னால் போய் நின்றது. "ஒண்ணே ஒண்ணு. டாக்டர் ஒண்ணு சாப்பிடலாம்னாரு" என்று மனைவியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே முள்கரண்டியை எடுத்தான். பக்கத்தில் ரோசாரியா, பெரியப்பாவின் தட்டிலிருந்து எடுப்பதற்காகக் கையை நீட்டினாள்.

ரிபால்தா மேஜை விரிப்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

தட்டுகள், ஒயின் கூஜா, ரொட்டிக் கூடை எல்லாம் சரிந்தன. ஆர்ட்டிசோக் தட்டு கல்தரையில் விழுந்து நொறுங்கியது. விழும்போது அதிலிருந்த எண்ணெய் ரோசாரியாவின் வெள்ளை உடைமேல் மார்பிலிருந்து முட்டிவரைக்கும் ஊற்றியது. பிள்ளை முதலில் தன் உடையைப் பார்த்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். ரிபால்தா நிற்கவில்லை. உள்ளே ஓடி, திறந்த ஜாடியைச் சாம்பல் வாளிக்குள் கவிழ்த்தாள். அடுத்ததை எடுப்பதற்குள் ருஜ்ஜேரோ அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"போதும். வெளிய போ" என்றான்.

ஸ்தெர்பேத்தா மகளை அணைத்துக்கொண்டு, துணியால் அந்தக் கறையை ஒற்றிக்கொண்டே, ரிபால்தாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் ரிபால்தா தலை குனிந்து முற்றத்தைக் கடந்து போனாள். சவீனோ பின்னால் வந்தான். வீட்டுக்குள் வந்து தொப்பியை மேஜைமேல் எறிந்தான்.

"ஒரு சின்னப் பொண்ணோட உடுப்பு. உனக்கு வெக்கமே இல்லையா?"

"செத்திருப்ப சவீனோ."

"செத்திருந்தாலும் இத்தனை அசிங்கமா இருந்திருக்காது."

அடுத்த ஒரு வருடம் அவளுக்கு ஊர் இருந்தும் இல்லாததுபோல ஆனது. ரொட்டிக் கடையில் இவள் நுழைந்ததும் பேச்சு நிற்கும். ஆர்காஞ்செலா மட்டும் வந்தாள். "அப்படி எல்லாருக்கும் முன்னாடியா காட்டிக்குவ கொமாரே" என்று சொல்ல வந்தாள். சவீனோ அவள் வைத்த வேகவைத்த மொட்டைப் பேசாமல் தின்றான், கசப்புத் தண்ணீரைப் பேசாமல் குடித்தான். எலுமிச்சைத் தோலைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஏதாவது குறை சொன்னால் தேவலை என்று அவள் ஏங்கினாள்.

இதைவிட மோசமானது ஒன்று இருந்தது. எதிர்வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மீதி ஜாடிகளைத் தின்றார்களா, கொட்டினார்களா என்று அவளுக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாதது நல்லது என்று அவள் சாமிக்கு நன்றி சொன்னாள். ஒன்றும் ஆகாததால் தான் பொய்க்காரி ஆகிவிட்டதையும் அதே மூச்சில் நினைத்துக்கொண்டாள். நாளாக ஆக, அந்தக் குமிழிகளை மெய்யாகவே பார்த்தோமா என்ற சந்தேகம் வந்துவிட்டது. பார்க்க ஆசைப்பட்டதைக் கண் காட்டியதோ. அந்த மூடி உப்பியிருந்ததா, அல்லது அதன் வடிவமே அப்படியா. தன் வீட்டு ஜாடி மூடிகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தாள்.

மறு சித்திரையில், வாசலில் உட்கார்ந்து மொட்டு உரித்துக்கொண்டிருந்தபோது தெருவைக் கடந்து ஸ்தெர்பேத்தா வந்தாள். இடுப்பில் ஒரு மரப்பெட்டி நிறைய மொட்டு, கையில் கத்தி. கேட்காமலேயே எதிர் நாற்காலியில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். எதிர்வரிசை ஜன்னல்களில் திரைச்சீலைகள் அசைந்தன.

பெட்டி பாதி காலியானதும் ஸ்தெர்பேத்தா கேட்டாள்.

"வினிகர் எவ்வளவு ஊத்துவ?"

"சரிபாதி. அதுல கை வெக்காத."

"ஒயின்?"

"ஊத்திக்கோ. தண்ணிக்குப் பதிலா ஊத்து, வினிகருக்குப் பதிலா ஊத்தாத."

ஸ்தெர்பேத்தா தலையாட்டினாள். இன்னும் கொஞ்ச நேரம் உரித்தாள்.

"அன்னிக்கு மறுநாள் ஒரு ஜாடியை எடுத்துக்கிட்டு மருந்துக்கடைக்காரர்கிட்டப் போனேன். நீ பொய் சொன்னேன்னு அவரு வாயால கேக்கணும்னுதான் போனேன். மூடியைப் பாத்ததுமே தொறக்காதன்னுட்டாரு. கோழிக்குக் கூடப் போடாதேன்னாரு. எல்லாத்தையும் தோட்டத்துக் கோடியில குழி வெட்டிப் புதைச்சேன். ருஜ்ஜேரோவுக்குக் கூடத் தெரியாது."

ரிபால்தாவின் கத்தி நின்றது.

"ஒரு வருஷம்."

"ஆமா."

"ஒரு வருஷமா என்னை ரொட்டிக் கடையில நாய் மாதிரி பாத்தாங்க. நீ எதிர்வீட்டுல உக்காந்து பாத்துக்கிட்டிருந்த."

"வெக்கமா இருந்துச்சு ரிபால்தா. சொன்னா, என் பொண்ணுக்கே விஷம் வெக்கப் பாத்தவ நான்னு ஆகும். அதைவிட நீ பொறாமைக்காரின்னு இருக்கறது சுலபமா இருந்துச்சு. நீ பொறாமைக்காரிதானே."

ரிபால்தா கோபத்தோடு கத்தியை எடுத்து இன்னொரு மொட்டின் நுனியை வெட்டினாள். வெட்டும்போது, அந்தக் குமிழிகள் மெய்தான் என்ற எண்ணம் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. அழுதுவிடுவோமோ என்று பயந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமா, பொறாமைதான்" என்றாள். "ஆனா பாத்தது நெசம்."

"நெசம்" என்றாள் ஸ்தெர்பேத்தா.

ஊர்த் திருவிழா அன்று இரண்டு குடும்பமும் மறுபடி ஒரே மேஜையில் உட்கார்ந்தன. ஸ்தெர்பேத்தாதான் அழைத்தாள். எல்லாரும் ரிபால்தாவைக் கண்டு ஓரமாக நெளிந்தார்கள். முதல் தட்டு வருவதற்கு முன் ஸ்தெர்பேத்தா எழுந்து நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். மூடி, குமிழி, மருந்துக்கடைக்காரர், குழி, ஒரு வருடம் வாயைத் திறக்காதது. ஒன்றையும் குறைக்கவில்லை. "இவ இல்லைன்னா ரோசாரியா இன்னிக்கு இந்த மேஜையில இல்லை" என்று முடித்தபோது அவள் குரல் உடைந்தது.

ரிபால்தா கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு வருடமாக இந்த நொடியைத்தான் அவள் மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ருஜ்ஜேரோ எழுந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. நேராக மனைவியிடம் போய் அவளைக் கட்டிக்கொண்டான்.

"இதைச் சொல்றதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்" என்றாள் ஆர்காஞ்செலா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நாலு பேர் முன்னாடி. நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

"யாருமே சொல்லியிருக்க மாட்டாங்க" என்றார்கள் மற்றவர்கள். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து ஸ்தெர்பேத்தாவை முத்தமிட்டார்கள். அந்தச் சுற்றின் வாலில் ரிபால்தாவுக்கும் தோளில் சில தட்டுகள் கிடைத்தன. ரோசாரியா மட்டும் பெரியம்மாவின் பக்கத்தில் வந்து நின்று, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சவீனோ மனைவியின் காதருகே குனிந்தான். "நான் பேசினது தப்பு" என்றான்.

"எது?"

"செத்திருந்தாலும்னு சொன்னது."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. கொஞ்ச நேரத்துக்குத்தான். ஸ்தெர்பேத்தாவின் புது ஜாடி தட்டில் வந்தது. சரிபாதி வினிகர், தண்ணீருக்குப் பதில் ஒயின், எலுமிச்சைத் தோல். முதல் துண்டைக் கடித்த ருஜ்ஜேரோ தலையை ஆட்டினான். முன்னைவிட நன்றாக இருக்கிறது, இப்போதுதான் கடிக்கும்போது ஒரு உயிர் இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். சவீனோ மனைவியைப் பார்த்து அனுமதி கேட்டு, ஒன்றை எடுத்து, மென்று, கண்ணை மூடினான்.

ரிபால்தா எழுந்து உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். ஸ்தெர்பேத்தா பின்னால் வந்து துணியை எடுத்துத் துடைக்க நின்றாள்.

"அதையும் நீயேதான் சொல்லணுமா?" என்றாள் ரிபால்தா.

"எதை?"

"அங்க சொன்னியே. நான் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் நீயே சொல்லி, நீயே அழுது, நீயே நல்லவளாயிட்ட."

ஸ்தெர்பேத்தா அவளை உற்றுப் பார்த்தாள். விளையாட்டு இல்லை என்று தெரிந்தது. பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்தாள்.

"உன்னை என்ன பண்றது ரிபால்தா. சொல்லாட்டியும் குத்தம், சொன்னாலும் குத்தம்."

"சிரிக்காத."

"சரி, அடுத்த வருஷம் நீ ஏதாவது தப்பு பண்ணு. நான் தட்டைத் தள்ளிவிடறேன். நீ எழுந்து நின்னு சொல்லு."

"என் ஜாடி கெடாது" என்றாள் ரிபால்தா. ஈரக் கையோடு அடுத்த தட்டை அவளிடம் நீட்டினாள்.